கல் என்றால் நேற்றா, நாளையா?

போன வாரம் ஒரே ஒரு சொல் என் காலை வாரிவிட்டது. கல்!

மகள் நித்யாவின் காலேஜ் ஃபீஸுக்காக எடுத்து வைத்த இரண்டு லட்சம் என் சேமிப்புக் கணக்கில் தூங்கிக்கொண்டிருந்தது. கட்ட மூன்று மாதம் இருக்கிறதே, சும்மா ஏன் கிடக்க வேண்டும்? தொண்ணூற்றொரு நாள் டெபாசிட்டில் போட்டேன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆயிரத்து இருநூறு ரூபாய் கூடுதல்!

"இதுக்காக பேங்குக்கு அலையணுமா? என் பணமெல்லாம் எஸ்.பி. சேவிங்ஸ் அக்கவுண்ட்லயே சௌக்கியமா இருக்கு" என்றாள் மனைவி சாரதா.

"உன்னை மாதிரி ஆளுங்களாலதான் பேங்க் கொழிக்குது" என்றேன். (இந்த வசனத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவள் வைத்துக்கொண்டாள்.)

ஃபீஸுக்குக் கடைசி நாள் புதன்கிழமை. செவ்வாயன்று துவாரகாவில் எங்கள் செக்டார் பேங்க் கிளைக்குப் போன் செய்தேன். டெல்லிக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. என் ஹிந்தியில் பெயர்ச்சொற்களுக்குப் பஞ்சமில்லை. வினைச்சொற்கள்தான்... எதற்கு வம்பு என்று விட்டுவிடுவேன்.

"மேடம், மேரா எஃப்.டி. மெச்சூரிட்டி... கல்?"

"ஹாஞ்ஜி, கல்."

நாளைதானே! நிம்மதியாகப் போனை வைத்தேன்.

புதன் காலை பத்து மணிக்குக் கணக்கில் பணம் இல்லை. பதினொன்றுக்கும் இல்லை. கிளைக்கு ஓடினேன்.

"திங்கட்கிழமையே முடிஞ்சாச்சு சார். டெபாசிட் ஃபார்ம்ல நீங்க டிக் பண்ணினபடி தானாவே இன்னொரு தொண்ணூற்றொரு நாளுக்கு ரெனியூ ஆயிடுச்சு. நேத்தே சொன்னேனே, கல்னு!" — அந்தப் பெண் ஹிந்தியில் சொன்னதன் சாரம் இது.

முறிக்கலாமாம். ஆனால் ஜாயிண்ட் டெபாசிட். சாரதாவும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். பணம் மறுநாள்தான் வரும். காலேஜ் போர்ட்டலோ ஐந்து மணிக்கு மூடிவிடும். ஆயிரத்து இருநூறுக்கு ஆசைப்பட்டு மகளின் ஸீட்டையே தொலைத்துவிட்டேனோ? நிஜமாகவே பயந்துபோனேன்.

நித்யாவுக்குப் போன் செய்து புலம்பினேன். அவள் டெல்லியில் பிறந்தவள்.

"அய்யோ அப்பா! ஹிந்தில நேத்தும் கல்தான், நாளைக்கும் கல்தான். வெர்ப் என்ன சொன்னாங்க? ஹுவாவா, ஹோகாவா? ஹுவான்னா ஆச்சு, ஹோகான்னா ஆகும்!"

வெர்பா? நானே போடவில்லை. அந்தம்மா ஏன் போடப் போகிறார்?

கடைசியில், ஆர்.கே.புரம் ஆபீஸில் உட்கார்ந்தபடியே சாரதா இரண்டே நிமிடத்தில் ஃபீஸைக் கட்டிவிட்டாள். பேங்கைக் கொழிக்க வைத்துக்கொண்டிருந்த அதே எஸ்.பி. கணக்கிலிருந்து!

அப்படியானால் குறுகிய கால டெபாசிட் வேண்டாமா? தேதியை ஞாபகம் வைத்திருப்பவர்களுக்கு லாபம்தான். எனக்கு? அரை நாள் லீவு, ஆட்டோ, மறுநாள் கையெழுத்துப் போட வந்த சாரதாவின் டாக்ஸி... சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அவசரத்துக்குக் கை கொடுக்காத பணம் எவ்வளவு வட்டி தந்துதான் என்ன?

கையெழுத்துப் போட்டுவிட்டு சாரதா கேட்டாள், "ஏங்க, என் ரெண்டு லட்சத்தை எப்ப திருப்பித் தருவீங்க?"

"கல்" என்றேன்.

வெர்ப் போடவில்லை.