ஈரக்கைக் கையெழுத்து

யுத்தகாலத்தில் ஊர்காவற்றுறையிலிருந்து கடல்தொழிலுக்குப் போகும்போதும் திரும்பும்போதும் கடற்படையின் காவலரணான சென்றியில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். நாள் முழுக்க வலை இழுத்து ஊறிப்போன கை அதே கையெழுத்தைப் போடுமா? ஒருநாள் என் கிறுக்கலைப் பார்த்த சிப்பாய் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினான்.

“இனி விரல் வை.”

எழுதத் தெரியாதவன்போல அன்று விரலை வைத்துவிட்டு வந்தேன். உடம்பெல்லாம் எரிந்தது.

வள்ளத்துக்குப் பெயர் எழுதும் தூரிகையை எடுத்து, வீட்டில் எனக்கொரு கையெழுத்தை உருவாக்கினேன். முதல் எழுத்து பாய்மரம்போல நிமிர்ந்தது. கடைசி எழுத்தின் வால் அலைபோல வளைந்தது. பிறகு உப்புத் தண்ணீரில் கையை ஊறவைத்து, பேனையால் எழுதிப் பழகினேன்.

“உந்தக் கையெழுத்து மீன் பிடிக்குமோ?” என்றாள் மனைவி.

“பிடிக்காது. ஆனா இனி விரல் வைக்க என்னால ஏலாதப்பா.”

அடுத்த கிழமை ஒருநாள் காலையில் புதுக் கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கடலுக்குப் போனேன். கரைக்கு வந்தபோது மைப்பெட்டி திறந்திருந்தது. நான் பேனையைக் கேட்டு வாங்கினேன். தண்ணீர் சொட்டச் சொட்ட, அவசரப்படாமல், வால்வரை போட்டேன். சிப்பாய் காலையில் போட்டதோடு ஒப்பிட்டுப் பார்த்தான். மைப்பெட்டியை மூடினான்.

எங்கள் ஊர் வள்ளங்களில் புனிதர்களின் பெயரைத்தான் எழுதுவோம். அந்தோனியார் கோபிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில், என் வள்ளத்தில் அந்தக் கையெழுத்தை எழுதினேன். பெரிதாக, சென்றிக்குத் தெரியும் பக்கத்தில்.