வாசலில் ஐந்து ஜோடி பூட்ஸ்

மூன்று வருடங்களுக்கு முன், ஜூலை மாதக் குளிர்காலப் பள்ளி விடுமுறையில் நடந்தது இது. மெல்பர்னிலிருந்து ஐந்து மணி நேரம் காரில் போனால் வருகிற ஒரு மலைக் கிராமம். செங்குத்துக் கூரை வைத்த மரவீடுகள், புகைபோக்கிகள், பனியைச் சுமந்து வளைந்து நிற்கும் யூகலிப்டஸ் மரங்கள். எனக்குப் பனிச்சறுக்கு வராது. ஆனால் இப்படிப்பட்ட கிராமங்களைப் பற்றி நிறையப் படித்திருந்ததால், அங்கே எப்படி நடந்துகொள்வது என்பதில் என்னை ஒரு நிபுணராகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாடகை வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி வழக்கம்போல எல்லார் ஷூவையும் வாசல் படியில் வரிசையாக வைத்தாள்.

"இது என்ன கிளென் வேவர்லில இருக்கிற நம்ம வீடா? பார்க்கிறவங்க சிரிப்பாங்க" என்று அள்ளி உள்ளே போட்டேன்.

"சாமி படம் வச்சிருக்கேன், அதுக்குப் பக்கத்துலயா ஷூ?"

"ரெண்டு நாள் சாமி பொறுத்துக்கும்."

மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்பா, யாரும் உங்களைப் பார்க்கல" என்றாள்.

மறுநாள் மதியம் தனியாக நடக்கக் கிளம்பினேன். சத்தமே இல்லாமல் பனி பெய்துகொண்டிருந்தது. யாரோ கண்ட கனவுக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் நடந்தேனோ, திரும்பிப் பார்த்தால் மூடுபனி இறங்கிக் கிராமத்தையே அழித்திருந்தது. குளிரில் போன் செத்துப்போயிற்று. வீட்டு எண்களைப் பனி மூடியிருந்தது. எல்லாக் கூரையும் ஒரே கூரை, எல்லாக் கதவும் ஒரே கதவு. ஒரே மரப் பெஞ்சை மூன்றாவது தடவை கடந்தபோது விரல்களில் உணர்ச்சி இல்லை. வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. பயந்துவிட்டேன்.

அப்போதுதான் ஒரு வாசலில் அவற்றைப் பார்த்தேன். வரிசையாக ஐந்து ஜோடி பூட்ஸ், ஒவ்வொன்றின் வாயிலும் ஓர் இட்லி அளவுக்குப் பனி. எங்கள் வீட்டில் மூன்றே பேர் என்பது உறைந்த மூளைக்கு எட்டவில்லை. கதவைத் திறந்து, "சரிம்மா, நீயே ஜெயிச்சுட்டே. காபி போடு" என்றேன்.

சீட்டாடிக்கொண்டிருந்த ஐந்து பேர் திரும்பினார்கள்.

"ஆர் நீங்கள்?" என்றார் ஓர் ஆன்ட்டி, இலங்கைத் தமிழில்.

உளறினேன். வாசல், ஷூ, மனைவி என்று ஏதேதோ சொன்னேன்.

"சப்பாத்தைக் கண்டிட்டு வந்தனீங்களோ? ஐயோ, கை நீலமாக் கிடக்கு. முதல்ல கதிரையில இருங்கோ" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். இஞ்சித் தேத்தண்ணி வந்தது. "இவரும் உள்ளுக்க வையெண்டுதான் சொன்னவர். நான் விடேல்லை" என்று கணவரைக் காட்டினார். அவர் என்னைச் சக கைதியைப் போலப் பார்த்தார்.

அந்த அங்கிள்தான் டார்ச்சோடு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வாசலாக வெளிச்சம் அடித்துப் பார்த்தோம். நான்காவது வாசலில் கதவு திறந்திருந்தது. மனைவி கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள். படியில் இரண்டு ஜோடி ஷூ, நடுவில் ஒரு ஜோடிக்கு இடம் விட்டு.

"வீடு அடையாளம் தெரியணுமேன்னு எடுத்து வச்சேன்" என்றாள்.

என் பூட்ஸைக் கழற்றி அந்த இடத்தில் வைத்தேன். யார் சிரிப்பார்கள் என்று பார்க்கவில்லை.

அந்தக் கிராமத்தின் அழகைப் பற்றி இப்போதும் யாராவது கேட்டால் பனியையும் கூரைகளையும் சொல்கிறேன்; ஆனால் கண்ணுக்குள் வருவதென்னவோ, எனக்காகக் காலியாக இருந்த அந்த ஒரு ஜோடி இடம்தான்.