பிளவக்கல் ஆலா

எஸ்தர் அக்கா போய்விட்ட செய்தி நம் பறவைக் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தபோது ராஜபாளையத்தில், மில்லில் ஷிப்டில் இருந்தேன். மெஷின் சத்தத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது. அழுதேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலில் மனு தட்டச்சு செய்பவர் என்றுதான் ஊருக்கு அவரைத் தெரியும். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு பைனாகுலரை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் பஸ் ஏறும் அக்காவை நமக்குத்தான் தெரியும்.

ஒரு சாயங்காலம் கடலோரமாகக் கொண்டை ஆலா என்ற கடற்பறவை ஒன்று பறந்தது. அதில் பெரிய இனத்துக்கு அலகு மஞ்சள், சிறியதற்கு ஆரஞ்சு. "ஆரஞ்சு! சின்னதுதான்!" என்று கத்தினேன்.

"தம்பி, இந்த வெயில்ல ஒங்க மூக்குகூட ஆரஞ்சாத்தான் இருக்கு" என்று சிரித்துவிட்டு, 'கொண்டை ஆலா. எதுவென்று தெரியவில்லை' என நோட்டில் எழுதினார். எனக்கு எரிச்சல்.

"இம்புட்டுத் தூரம் வந்து தெரியலைன்னு எழுதவாக்கா?"

"தெரியாதத தெரிஞ்சதா எழுதுனா, பொறவு தெரிஞ்சதையும் யாரும் நம்ப மாட்டாக."

புயல் ஓய்ந்த மறுநாள் பிளவக்கல் அணையில் ஒரு பறவை கறுப்பாக வட்டமடித்தது. காற்று அடித்துக்கொண்டுவந்த, இந்தப் பக்கமே வராத கடல் ஆலா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. "வெயிலு எதுக்க இருக்கு. எல்லாம் கறுப்பாத்தான் தெரியும். செத்த நேரம் பொறுங்க" என்றார் அக்கா. பொறுக்காமல் குழுவில் போட்டுவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் மதுரையிலிருந்து நீங்கள் வேன் பிடித்து வந்தீர்கள். நீங்கள் எடுத்த படத்தில் இருந்தது வருஷா வருஷம் குளத்துக்கு வரும் சாதாரண மீசை ஆலா. "எந்தப் புத்திசாலி சொன்னது?" என்று ஒருவர் கேட்டார்.

"நாந்தான் அடிச்சுச் சொன்னேன். தம்பி போட மட்டுந்தான் செஞ்சாரு" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தீர்கள். வெட்கமில்லாமல் நானும் சிரித்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஏன் என்று கேட்டேன். "இன்னைக்கு ஒங்களப் பாத்துச் சிரிச்சிருந்தா, அடுத்த ஞாயிறு வர மாட்டீக" என்றார். உண்மைதான், வந்திருக்க மாட்டேன்.

அதன்பிறகு அக்கா எந்தப் பறவையைச் சொன்னாலும், "பிளவக்கல் ஆலா மாதிரியா?" என்று கேட்பது நமக்கு வழக்கமாகிப் போனது. நேற்று வந்த இரங்கல் செய்திகளில்கூட ஒருவர் பாசத்தோடு அதைக் குறிப்பிட்டிருந்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவின் மகள் அந்த நோட்டை என்னிடம் கொடுத்திருக்கிறார். அன்றைய தேதியில் அக்கா எழுதியது இவ்வளவுதான்: 'பிளவக்கல். ஆலா. தெரியவில்லை.'

அந்தத் 'தெரியவில்லை'யை நான் வைத்துக்கொள்கிறேன். அவர் தலையில் இத்தனை வருஷம் கிடந்த தப்பையும் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.