கடலூரில் அழுத்தினால் சிதம்பரத்தில் அச்சாகும்

நவம்பர் 12, புதன்கிழமை. காலை மணி 10:25. மூடிய வானம், விடாத தூறல். கடலூரில் ஒரு மருத்துவக் காப்பீட்டு அலுவலகம். எனக்கு முன்னால் ஏழு பேர்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் புதுச்சேரியில் என் மனைவிக்குக் கண் ஆபரேஷன். அனுமதிக் கடிதம் ஒரிஜினலாக, கையெழுத்தும் முத்திரையுமாக வேண்டும். இல்லையென்றால் தேதி தள்ளிப்போகும். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிற்று. வலது கண்ணில் இப்போது அவளுக்குத் தெரிவது வெளிச்சம் மட்டும்தான்.

11:10-க்கு என் முறை. கவுன்டரில் இருந்த செல்வராணி விவரங்களைத் தட்டிவிட்டு ஒரு பட்டனை அழுத்தினார்.

"பிரிண்ட் போயிடுச்சு சார்."

அவர் கைக்கு இரண்டடி தள்ளிப் புத்தம் புது பிரிண்டர். அதைப் பார்த்தேன். அது அசையவே இல்லை.

"எங்கம்மா போயிடுச்சு?"

"சிதம்பரத்துக்கு சார்."

விளையாடுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை... முகத்தில் சிரிப்பே இல்லை.

விஷயம் இதுதான். சென்னைத் தலைமை அலுவலகத்தில் மெயின்ஃபிரேம் என்று ஒரு பெரிய கம்ப்யூட்டர். கடிதம் அங்கேதான் தயாராகும். எந்த ஊரில், எந்த பிரிண்டரில் அச்சாக வேண்டும் என்பதையும் அதுவே முடிவு செய்யும். கடலூர்க் கடிதங்கள் 'கடலூர் இரண்டு' என்ற பெயருள்ள பிரிண்டருக்குப் போக வேண்டும்.

பதினான்கு மாதத்துக்கு முன் சிதம்பரம் கிளையின் பிரிண்டர் செத்துப்போயிற்று. கடலூர்க்காரர்கள் தங்களுடைய 'கடலூர் இரண்டை'த் தூக்கிக் கொடுத்தார்கள். சிதம்பரத்தார் சென்னைக்குப் போன் போட்டு, அந்தப் பெயருக்கு எதிரே தங்கள் ஆபீஸ் முகவரியைப் போட வைத்து, தங்கள் கடிதங்களையும் அதிலேயே வர வைத்துவிட்டார்கள். பிறகு கடலூருக்குப் புது பிரிண்டர் வந்தது. அதற்கு மெயின்ஃபிரேமில் பெயர் வைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. பெயரில்லாத அந்தப் பிள்ளையில் ஆதார் ஜெராக்ஸ் எடுக்கிறார்கள்!

"இங்கேயே இன்னொன்னு அடிச்சுக் குடும்மா."

"ஒரிஜினல் ஒரு தடவதான் சார் வரும். ரெண்டாவது அடிச்சா குறுக்கால நகல்னு போட்டுடும். ஆஸ்பத்திரில எடுத்துக்க மாட்டாங்க."

"அப்ப தினமும் என்ன பண்றீங்க?"

"சேகர் மாமா சிதம்பரத்துலதான் வேல பாக்குறாரு சார். இங்கேர்ந்து தினம் போயிட்டு வராரு. சாயங்காலம் சாப்பாட்டுப் பையில வச்சு எடுத்தாந்துடுவாரு. இன்னிக்குப் பாத்து லீவு. திருவந்திபுரத்துல அவரு தங்கச்சி பொண்ணுக்குக் கல்யாணம்."

பதினான்கு மாதமாக இந்த அலுவலகத்தின் நெட்வொர்க், சேகர் மாமாவின் சாப்பாட்டுப் பை.

"சென்னைக்குச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா பழைய பிரிண்டர் எங்கன்னு கேப்பாங்க சார். ரெஜிஸ்டர்ல அது இங்கதான் இருக்கு."

சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். ஒரு மணி முப்பத்தெட்டு நிமிடம். அதில் ரயில்வே கேட்டில் மட்டும் பதினொன்று. சிதம்பரம் கிளையில் ஜாஹிர் என்று ஒருவர். லால்பேட்டைக்காரர். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"செல்வராணி போன் பண்ணாங்க சார். உக்காருங்க."

என் கடிதம் கிடைத்தது. கறையில்லை, கசங்கலில்லை. இருந்தாலும் கேட்டேன், "நீங்களாவது சென்னைக்குச் சொல்லக் கூடாதா?"

"சொன்னா பேர மாத்திடுவாங்க. அப்புறம் எங்க கடுதாசி எதுல அடிக்கிறது? பதினாலு மாசமா புதுசு கேக்குறோம் சார்."

ஆக, கடலூர் சொல்லாது, சிதம்பரமும் சொல்லாது. சென்னைக்கோ, கேட்கத் தோன்றாது. மூன்று ஊர் சேர்ந்து ஒரு பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. ராணுவ ரகசியம்கூட இவ்வளவு நாள் நிற்காது.

நான் கிளம்பும்போது ஜாஹிர் ஒரு கடிதக் கட்டை நீட்டினார்.

"கடலூர்தான சார் போறீங்க? இதையும் குடுத்துடுங்களேன்."

"நான் உங்க ஆபீஸ் பியூனா? இதெல்லாம் அடுத்தவங்க கடிதம். எவன்னே தெரியாத ஆள் கையில குடுக்குறீங்க?"

பக்கத்து மேஜைக்காரர் தலை நிமிராமல் சொன்னார், "பைல போட்டுக் குடு மச்சான். பெரியவரு திட்டிக்கிட்டேதான் எடுத்தும் போவாரு."

மேலே இருந்த கடிதத்தைப் பார்த்தேன். குடிகாடு கிராமத்தில் ஒருவருக்கு டயாலிசிஸ், தேதி மறுநாள். பையை வாங்கிக்கொண்டேன். திட்டிக்கொண்டேதான்.

கடலூருக்குத் திரும்பியபோது மாலை 4:20. மேனேஜர் கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது. பெஞ்சில் ஐந்து பேர் காத்திருந்தார்கள். ஒருவர் எழுந்து வந்து, "குடிகாடு கடுதாசி வந்துச்சா சேகர் சார்?" என்று என்னைக் கேட்டார். வந்தது என்றேன்.

மறுநாள் ஏழு மணிக்குச் சொன்னபடி ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்ததும் என் மனைவி முதலில் சொன்னது, நான் சரியாக ஷேவ் செய்யவில்லை என்பது.

என்னுடையதையும் சேர்த்து அன்று நான் சுமந்தது இருபத்து நான்கு கடிதம். பஸ் போக வர 84, ஆட்டோ 60, டீ இரண்டு 24... ஆக மொத்தம் 168 ரூபாய். கடிதம் ஒன்றுக்குச் சரியாக ஏழு ரூபாய்.