விலாவில் ஒரு சிங்கம்

என் மனைவி தன் ஈரலில் ஒரு பங்கை எனக்குக் கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து என் வயிற்றில் அவளுக்குப் பாத்தியதை உண்டு. நான் வடையில் கை வைத்தால், "அது என் ஈரலுங்க, எண்ணெயைக் குறைங்க" என்பாள்.

போன மாசியில் வலது விலாவில் எரிச்சல். கண்ணாடியில் பார்த்தால் சிவப்புக் கொப்புளங்கள் வரிசை கட்டியிருந்தன. மாற்று ஈரலை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க நான் தின்னும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பவை. அதனால் ஒரு கொப்புளம் வந்தாலும் அன்றைக்கே பெங்களூர் டாக்டருக்குச் சொல்லியாக வேண்டும். சொன்னால் படுக்க வைத்துவிடுவாரே! சட்டையை மாட்டிக்கொண்டு, பாப்பாரப்பட்டி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கிதாண்டா. ஊசி கீசி போட்டுராத. வா, எழுதிரலாம்."

அக்கா தெருவில் பானை செய்பவர் காவியைக் குழைத்து, கொப்புளங்கள் மேல் ஒரு சிங்கம் வரைந்தார். குளுகுளுவென்று இருந்தது. "மூணு நாளைக்குக் குளிக்கக் கூடாதுங்க" என்றார். அது இன்னும் பிடித்தது.

மறுநாள் சிங்கம் கடிக்க ஆரம்பித்தது. காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. பனியனில் காவிக் கறையைப் பார்த்த மனைவி அதைத் தூக்கினாள்.

"என்னங்க இது, நாயா?"

"சிங்கம்."

"என் ஈரலுக்குப் பக்கத்துல சிங்கத்தைக் கட்டி வெச்சிருக்கீங்களா?"

போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினாள். ஐந்தே நிமிடத்தில் அவர் கூப்பிட்டார். "சின்ன வயசுல அம்மை போட்டிருக்கும். அந்த வைரஸ் நரம்புக்குள்ள தூங்கிட்டு இருக்கும். உங்களை மாதிரி ஆளுங்களுக்கு எழுந்துக்கும். விட்டா உள்ளுறுப்புக்கும் பரவும். உடனே வாங்க."

அப்போதே கிளம்பினோம். ஓசூர் தாண்டும்போது அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வலியைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

தனி அறையில் ஒரு வாரம் வைரஸுக்கான மருந்து ஏற்றினார்கள். காவியைத் துடைக்க வந்த கன்னட நர்ஸ், துடைக்க மனமில்லாமல் மற்ற நர்ஸுகளையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

கொப்புளங்கள் காய்ந்தன. ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. குத்துவலி மட்டும் வைகாசி வரை தங்கிவிட்டது. அது போன பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. வலி இருக்கிறவரை காபி படுக்கைக்கே வந்துகொண்டிருந்ததே.

ஒரு காலை, அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, ஏணி போட்டு மாங்காய் பறித்துக்கொண்டிருந்தேன். கீழே யாரோ ஏணியைப் பிடித்தார்கள்.

"வலி இப்ப எப்படிங்க இருக்குது?" என்று கேட்டாள்.