கடலடியை எங்கள் தோட்டத்தில் பரப்பிய கதை

எண்பதுகளின் தொடக்கம். சேலத்தில் நிலவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்குத் திருச்செங்கோட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனபோது அண்ணன் மூன்றாவது போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார். முந்தைய இரண்டிலும் தண்ணீர் இல்லை, வெறும் தூள். இதுவும் பொய்த்தால் மரவள்ளியைக் காயவிட்டு, போர்வெல் துளைக்கும் ரிக் லாரியில் வேலைக்கு வடக்கே போவதென்று முடிவு.

துளைபோடும் டிரில்லர், ஆழம் பத்தடிக்கு ஒரு குவியலாகப் பாறைத்தூளை வரிசையாக வைத்திருந்தார். ஈரம் தட்டிய ஒரே குவியலின்மேல் ஒரு கறுப்புக் கல். அந்தக் குவியல் வந்த ஆழத்தில் வெடி வைத்தால் தண்ணீர் திறக்கலாம். நிலவியல் படித்த எனக்கு இது தெரியாது. கேட்கவும் இல்லை. டிரில்லர் சாப்பிடப் போனார்.

"அப்படி என்னதான்டா படிக்கறே?" என்றார் அண்ணன்.

சும்மா இருந்திருக்கலாம்.

"கடல் தரை நடுவுல பொளந்து ரெண்டு பக்கமும் விலகுதுங்கண்ணா. கீழ இருந்து பாறைக்குழம்பு ஏறி, ஆறி, புதுத்தரை ஆகுது."

குவியல்களை வாரி, நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஜோடி ஜோடியாக அடுக்கினேன். கறுப்புக் கல்லை நடுவில் வைத்தேன். அது பாறைக்குழம்பு.

"வெரசா விலகற எடத்துல குழம்பு மேலாப்பலயே கெடக்கும், வெந்நீர் ஊத்து நெறைய. மெதுவா விலகுனா கம்மி."

"ஊத்துக்குத் தண்ணி ஏது?"

"கடல் தண்ணிதானுங்க. விரிசல்ல எறங்கி, குழம்புச் சூட்டுல கொதிச்சு, கல்லுல இருக்கற இரும்பு, செம்பைக் கரைச்சுக்கிட்டு வரும். மேல குளுந்த தண்ணியில கலந்ததும் கரும்பொகையாட்டம் கெளம்பும்."

"அங்க தண்ணிக்குக் கொறையில்ல" என்றார்.

டிரில்லர் திரும்பி வந்தார். "ஏனுங்க, கசிவுக்கு அடையாளமா வெச்ச கல்லு எங்கீங்க?"

காட்டினேன்.

"எந்தத் தூள்குமி மேல இருந்துச்சுங்க?"

வெயிலில் காய்ந்து எல்லாமே ஒரே வெள்ளை. கடலடியின் வயதைச் சொல்லத் தெரிந்தவனுக்கு அரைமணிக்கு முந்தைய சமாச்சாரம் தெரியவில்லை. பயமோ வெட்கமோ வரவில்லை. கையிலிருந்த தூளைத் தட்டிக்கொண்டே நின்றேன்.

"கசிவு நூறடியில இருக்குமுங்க. நூத்தம்பதாவும் இருக்கலாமுங்க. வெடி ஒண்ணுதான் இருக்குது" என்றார் டிரில்லர்.

"உத்தேசமா வெய்ங்க" என்றார் அண்ணன்.

தரை லேசாக அதிர்ந்தது. குழாய் வாயில் கரும்புகை கிளம்பியது. காத்திருந்தோம். புகை மட்டும்தான்.

"நீ சொன்னது இதுதானா சாமி?" அண்ணன் குரலில் கோபமே இல்லை.

"ஆமாங்கண்ணா" என்றேன்.

மறுநாள் அண்ணன் அதே ரிக் லாரியில் ஏறி வடக்கே போனார். நான் கையசைத்தேனா என்று நினைவில்லை. குவியல்கள் மட்டும் மழை வரும்வரை இருபுறமும் சமமாக, பாடப்புத்தகத்தில் உள்ளபடியே கிடந்தன.