கிரெவிஸ் என்று எழுதியவள்

1970 மார்ச் 3: வீட்டுக் காப்பீடு, முதல் காலாண்டுத் தவணை, 4 டாலர்.
1974 மார்ச் 4: பதினேழாவது தவணை, 4 டாலர். மொத்தம் 68.
1974 மே 11: நில அதிர்ச்சி.
1974 மே 13: கேட்ட ஈடு, 600 டாலர்.

ஜமைக்காவில் பஃப் பே மேட்டில் குடியிருந்த தையற்காரி நோரா பியூசிக்கு ஆங்கிலம்தான் சொத்து. சர்ச் பள்ளியில் சொல்வதெழுதுதலில் பரிசு வாங்கியவள். பொத்தான் தைக்கக் கொடுப்பவர்களிடமும் அகராதிச் சொற்களில்தான் பேசுவாள். அதனாலேயே தெருவில் அவளுக்கு 'கிராக்' என்று பெயர் விழுந்தது.

அதிர்ச்சி ஓய்ந்தபோது, தையல் மெஷின் இருந்த அறையின் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரல் நுழையும் பிளவு. ஈடு வந்தால் அக்டோபர் மழைக்கு முன் சுவரை இடித்துக் கட்டிவிடலாம். கொத்தனார் ஸீக், ஊர் மரியாதையில் 'மாஸ்' ஸீக், அவள் எழுதிய மனுவை எட்டிப் பார்த்தார்.

“கிராக்னு எழுதிட்டுப் போயேன், மிஸ் நோரா. ஊரே அப்படித்தான் எழுதுது.”

“எனக்கு வெச்ச பேரை என் செவுத்துக்கும் வெக்கணுமா, மாஸ் ஸீக்? தெருப் பேச்சை ஆபீஸ்ல எவன் மதிப்பான்?”

'கிரெவிஸ்' என்று எழுதினாள். குறுகிய பிளவு. அழகான சொல்.

ஜூலையில் மனு தள்ளுபடியானது. கிங்ஸ்டனில் இருந்த காப்பீட்டு அலுவலகத்துக்கே போய்க் கேட்டாள். குமாஸ்தா ஒப்பந்தத்தில் விரலை வைத்தான்.

“அதிர்ச்சியில விழுந்த கிராக்குக்குத்தான் ஈடு, மேடம். கிரெவிஸ்னா பாறையில ஏற்கெனவே இருக்கற இடுக்கு. பழசு. நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களே.”

“சுவத்துல விழுந்தாலும் கிரெவிஸ்தான். அகராதியை எடுங்க.”

“அகராதியா ஈடு குடுக்குது? ஒண்ணு செய்யுங்க. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாம எழுதிட்டேன்னு கையெழுத்துப் போடுங்க. திரும்ப மேல அனுப்பறேன்.”

நோரா பேனாவை எடுத்தாள். சுவர் கண்ணில் நின்றது. போட்டாள்.

“எழுத்து மட்டும் முத்து முத்தா இருக்கு” என்று குமாஸ்தா சிரித்தான்.

ஊர் திரும்பியதும் ஸீக் விசாரித்தார். “கிராக்குதான், மாஸ் ஸீக்” என்றாள்.

அக்டோபர் 9ஆம் தேதி மழையில் சுவர் மெஷின்மேல் சரிந்தது.

அலுவலகத்திலிருந்து வந்த கடைசிக் கடிதத்தில் ஒரே வாக்கியம். 'தாம் எழுதிய சொல்லின் பொருளைத் தாமே அறியாதவர் என ஒப்புக்கொண்டுள்ளதால், தங்கள் மனுவின் எந்த விவரத்தையும் ஏற்பதற்கில்லை.' அதில் அவளுக்குப் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை.

வந்த தேதி: 1974 நவம்பர் 2.